வீதியோரக் கல்லும் நாவலரவர்களும்

நல்லூர்ப் பக்கத்திலே வழிச்செல்வோர் நாவலர் வீதி என்னும் பெயர்ப்பலகையைக் காணாது போதல் அரிது. 1969ஆம் ஆண்டிலே கொழும்பிலிருந்து ஊர்வலமாகக் கொணரப்பெற்ற திருவுருவச் சிலையொன்றும் நல்லூரிலே நிறுவப்பட்டது. பலகையும் சிலையும் பெயரையும் ஆண்டையுமே சொல்ல வல்லன. அவற்றைக் கண்டு கைகூப்பி அகல்கின்றோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் எதனை விட்டு எதனை மேற்கொண்டார்கள் என்பதைக் கல் சொல்லமாட்டாது. அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராக அவதரித்தார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்தார்கள். சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் என்போரிடத்திலே தமிழ் கற்றார்கள். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்றார்கள். பின்பு அப்பாடசாலையிலேயே ஆசிரியராயினார்கள். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் இவர்களது தமிழ்ப் புலமையை நன்கு மதித்து, விவிலிய நூலைத் தமிழிலே பெயர்க்கும் பணிக்குத் துணையாகக் கொண்டனர். சைவ ஆசாரத்தைச் சிறிதும் விடாதவர் ஒருவர், திருநீறணிந்த நெற்றியோடு, கிறிஸ்துவ வேதத்துக்குத் தமிழ் திருத்தினார் என்பதை இக்காலத்துப் பிள்ளைகள் நம்ப மறுக்கின்றார்கள். ஆயினும் உண்மை அதுவே.

யாமும் மிஷன் பாடசாலையொன்றிலே பயின்றவர்களாதலால், இவ்விடத்திலே சற்றுத் தரித்து நிற்கின்றோம். பாதிரிமாரிடம் நாவலரவர்கள் கற்றது ஆங்கிலம் மாத்திரமன்று. பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக இருத்திப் படிப்பித்தல், நூல்களை அச்சிட்டுப் பரப்புதல், சபை கூட்டிப் பிரசங்கித்தல் என்னும் மூன்று கருவிகளையும் அருகிருந்து கண்டார்கள். சைவப்பிள்ளைகள் கல்வியின்பொருட்டுச் சமயத்தைக் கைவிட நேர்ந்ததையும் கண்டார்கள். 1847ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார்கள். பாதிரியார் தடுத்தும் கேட்டிலர். வேதனமில்லாத வேலைக்காக வேதனமுள்ள வேலையை விடுதல் எத்துணை அரிது என்பதை, மாதச் சம்பளத்தினால் வீடு நடத்தும் எம்மைப்போன்ற உபாத்தியாயர்கள் அறிவார்கள். விவாகமும் செய்துகொண்டிலர்.

1849இலே அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுச் சதாசிவப்பிள்ளை என்பவரோடு சென்னபட்டணஞ் சென்றார்கள். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. யந்திரம் வந்தபின் வெளிவந்த நூல்கள் பல. பாலபாடங்கள், சைவவினாவிடை, பெரியபுராண வசனம் முதலியவற்றை எம் முன்னோர் கையிலேந்திப் படித்தனர். செய்யுளை அஞ்சியவர்களும் வசனத்தைப் படித்து நாயன்மார் சரித்திரத்தை அறிந்தார்கள். 1864இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தாபித்தார்கள்.

சாதியாசாரத்திலே நாவலரவர்கள் கொண்டிருந்த கடுமையை இக்காலத்தில் யாம் ஏற்கமாட்டோம். அதனை மறைத்து எழுதுதலும் சரித்திரமாகாது. தம்மூர்க் கந்தசுவாமி கோயிலிலே ஆகமவிதிக்கு மாறாக நடக்கின்றன என்று தாம் கருதியவற்றையும் அஞ்சாது கண்டித்தார்கள். அதனால் அங்கே பகைவர் பலராயினர். அத்தகையவருக்கு அதே நல்லூரிற் சிலை எழுந்தது.

பஞ்சம் வந்த 1877ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் பிரசங்கத்தோடு அமையவில்லை. பொருளுள்ளாரிடம் இரந்து, கஞ்சித்தொட்டி தாபித்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். வீதிகளிலே பசியாற் கிடந்தோருக்கு அன்று வேண்டியிருந்தது அதுவே. 1879இலே சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துக் கூட்டங்களிற் பேசினார்கள். அவ்வாண்டு மார்கழி மாதம் 5ஆந் திகதி சிவபதமடைந்தார்கள். அப்போது வயது ஐம்பத்தேழு நிரம்பவில்லை. பாடசாலையையும் அச்சுக்கூடத்தையும், முன்பு சென்னபட்டணத்துக்கு உடன்சென்ற அச்சதாசிவப்பிள்ளையே ஏற்று நடத்தினார்.