ருடால்ப் டீசலும் அவர் காணாத பம்பும்

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்து முற்றத்தில் பழைய லாரி ஒன்று நான்கு நாட்கள் அசையாது நின்றது. நம் சிற்றப்பனார்க்கு அதுவே சீவனோபாயம். எண்ணெயைச் சிலிண்டர்களுக்குள் பீச்சும் பம்பு தேய்ந்துபோனமையால், காலையில் எஞ்சின் எளிதிற் கிளம்பாமலும், ஏற்றத்தில் வலிவிழந்து புகை கக்கியும் அவரை வருத்தி வந்தது. பட்டறைச் செலவுக்கு அஞ்சிய அவர், செப்பனிட்ட வேறொரு பம்பை வாங்கி வந்து, பழகிய மெக்கானிக் ஒருவர் துணையுடன் அதனை வீட்டிலேயே மாற்றத் துணிந்தார். விளக்குப் பிடிப்பதும் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் நம் பணியாயின.

முதற்கண் பம்பின் சுற்றுப்புறம் முழுவதும் கழுவித் துடைக்கப்பட்டது. குழாய்கள் ஆறும் கழற்றப்பட்டவுடன் ஒவ்வொன்றன் வாயும் மூடியிட்டு அடைக்கப்பட்டது. மணல் துகள் ஒன்று உட்புகினும் புதிய பம்பு பாழாகுமாம். பின்னர், முதற் சிலிண்டரின் பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு மேலேறும் நிலையில், எஞ்சினின் குறியையும் பம்பின் குறியையும் இசைய வைத்துப் பிணைத்தனர். இதனையே டைமிங் வைத்தல் என்பர். குறியை மட்டும் நம்பாத அம்மெக்கானிக், பம்பின் முதல் வாயிலுள்ள வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழல் ஒன்றைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பி, வழியும் எண்ணெய் நிற்கும் கணத்தைக் கண்கொட்டாது நோக்கினார். அக்கணம் குறியோடு ஒவ்வாமையால் இருமுறை பம்பைச் சிறிது அசைத்துத் திருத்த நேர்ந்தது.

இவ்வேலைக்கிடையே, டீசல் என்பவர் யார் என்று நாம் வினவினோம். நாள்தோறும் நூறுமுறை அப்பெயரை உச்சரிக்கும் அவ்விருவரும் அஃது ஓர் எண்ணெயின் பெயரென்றே கருதியிருந்தனர். நாமும் அதற்குமேல் அறிந்திலோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். கல்லூரி திறந்தபின் நூல்களைத் தேடிப் படித்தறிந்ததை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், தந்தையார் தோற்பொருள் செய்து விற்கும் எளிய தொழிலாளி. 1870-இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூளவே, அக்குடும்பம் பாரிசை விட்டு இலண்டனுக்கு ஓட நேர்ந்தது. வறுமையின் கொடுமையால் பன்னிரண்டு வயதுச் சிறுவர் ருடால்ப் தனியே அவுக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வில்லத் தலைவர் கணித ஆசிரியர். பிள்ளை எஞ்சினியராவதற்கு அவ்வீடே வித்திட்டது.

பின்னர் மியூனிக் தொழிற்கல்லூரியில், குளிர்விக்கும் யந்திரங்களில் வல்லவரான லின்டே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். நிலக்கரி தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி எஞ்சின் வேலையாக மாற்றுவதில்லை என்று கேட்ட அன்றே அக்குறையைத் தீர்க்கும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 1880-இல் உயர்ந்த மதிப்பெண்களோடு தேறி, லின்டேயின் பனிக்கட்டி யந்திரத் தொழிலில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1883-இல் மார்த்தா என்னும் அம்மையாரை மணந்து மூன்று மக்களைப் பெற்றார்.

அவர் கண்ட நெறி இதுவே. காற்றை மிகுதியாக அமுக்கினால் அது சூடேறும். தென்கிழக்கு ஆசிய மக்கள் குழலொன்றில் தண்டைச் சடக்கென அழுத்தி உள்ளிருக்கும் பஞ்சில் தீ மூட்டுவது இதனாலேயாம். அங்ஙனம் காய்ந்த காற்றில் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால், தீப்பொறியின் உதவியின்றி அது தானே எரியும். 1892-இல் இதற்கு உரிமை கோரி, மறு ஆண்டு நூலொன்றும் வெளியிட்டார். பெருமுதலாளிகளின் நீராவி எஞ்சினோடு போட்டியிட இயலாது நசியும் சிறு தொழிலாளரின் கொட்டிலில் இவ்வெஞ்சின் நின்று உழைக்கவேண்டும் என்பது அவர் அவா. 

அவுக்ஸ்பர்க் யந்திரசாலை அவருக்கு இடம் தந்தது. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் நடந்த முதற் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. ஆசிரியர் உயிர் தப்பியது அரிதாயிற்று. 1894 பிப்ரவரியில் எஞ்சின் ஏறக்குறைய ஒரு நிமிடம் தானே ஓடிற்று. ஒரு நிமிடந்தானா என்று நகுவோர் நகுக! 1897-இல் பேராசிரியர் ஷ்ரோட்டர் முறையாகச் சோதித்தபோது, எண்ணெயின் வெப்பத்தில் 26 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாறியதென மெய்ப்பிக்கப்பட்டது. அக்காலத்தில் வேறெந்த எஞ்சினும் அவ்வளவு தந்ததில்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயிலும் ஒரு டீசல் எஞ்சின் ஓடிற்று.

ஆயினும் ஒரு குறை அவரை விடவில்லை. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து, துளியளவு எண்ணெயைக் குறித்த கணத்தில் பனிபோல் தூவுவது எங்ஙனம்? பம்பொன்றால் நேரே பீச்ச முதலில் முயன்று தோற்றார். பின்னர், எஞ்சினுக்குள் இருப்பதினும் வலிதாக அமுக்கிய காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிச் செலுத்தினார். அம்முறை பலித்தது, ஆனால் காற்றை அமுக்கத் தனி யந்திரமும் கலங்களும் வேண்டியிருந்தன. ஆதலின் எஞ்சின் ஆலைக்கும் கப்பலுக்கும் பொருந்திற்றேயன்றிச் சிறு தொழிலாளரின் கொட்டிலுக்குள் நுழையவில்லை. 1912-இல் செலாண்டியா என்னும் டேனிஷ் கப்பல் டீசல் எஞ்சின்களால் பாங்காக் வரை சென்றது. ஆனால் 1908-இல் லாரிக்கென அவர் முயன்ற சிறு எஞ்சின் பயன்படாது ஒழிந்தது.

செல்வமும் நிலைக்கவில்லை. உரிமைகளை விற்றுப் பெற்ற பெரும்பொருள் நிலங்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் வழக்குகளிலும் கரைந்தது. உடலும் உள்ளமும் நலிந்தன. மியூனிக்கில் மாளிகை கட்டியது அவர் செய்த பெரும் பிழையென்பது நம் கருத்து. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, ஆண்ட்வெர்ப் துறையில் இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலேறினார். நண்பர் இருவரோடு உண்டு, காலையில் எழுப்பும்படி சொல்லித் தம் அறைக்குச் சென்றவர் பின்னர்க் காணப்படவில்லை. படுக்கை கலையாதிருந்தது, தொப்பியும் மேலங்கியும் தளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சில நாட்கள் கழித்து டச்சுப் படகொன்று கடலில் கண்ட சடலத்தில் இருந்த பொருள்களைத் தந்தையாருடையன என மைந்தர் அடையாளம் கண்டார். பகைவர் கொன்றனர் என்னும் கதைகள் பல உலவின. கடன் முதிர்ந்து கையிருப்பு அற்றிருந்ததை நோக்கின், அக்கதைகள் நம் மனத்திற்கு ஒவ்வவில்லை. 

அவர் மறைந்து பத்தாண்டுகளில் பென்ஸ் நிறுவனத்தாரும், அவரை ஆதரித்த அதே அவுக்ஸ்பர்க் யந்திரசாலையாரும், காற்றால் ஊதாமல் பம்பாலேயே எண்ணெயைப் பீச்சும் லாரிகளைச் செய்தனர். 1924-இல் அத்தகைய லாரியொன்று அவுக்ஸ்பர்க்கிலிருந்து நூரம்பர்க் வரை ஓடிற்று. ராபர்ட் பாஷ் என்பார் 1922-இல் இம்முயற்சியிற் புகுந்து, 1927-இல் எவ்வெஞ்சினுக்கும் ஏற்ற பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் விரலளவினும் சிறிய எஃகுத் தண்டு ஒன்று. அதில் சரிவாக வெட்டிய ஒரு விளிம்பு. தண்டைச் சிறிது திருப்பினால் எண்ணெயின் அளவு கூடும், குறையும். தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தின் சில பங்குகளே! ஒரு வீச்சில் செல்லும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு மிளகின் பருமன். புதிய லாரிகளில் வேறு முறைகள் வந்துவிட்டன. எனினும் நம் முற்றத்து லாரியில் ஏறியது இவ்வினத்துப் பம்பே, பெங்களூரில் மைக்கோ நிறுவனம் செய்தது.

நான்காம் நாள் மாலை ஏர் எடுக்கும் வேலை மட்டும் எஞ்சியிருந்தது. திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க, நுரையும் குமிழியுமாய் வந்த எண்ணெய் சிறிது பொழுதில் தெளிந்து வழிந்தது. ஆறு குழாய்களின் மரைகளையும் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றினர். ஒவ்வொன்றிலும் எண்ணெய் துள்ளியவுடன் இறுக்கினர். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் வெண்புகை கக்கி இருமிப் பின் சீராக ஓடிற்று. மெக்கானிக் பம்பின்மேற் கை வைத்துச் சற்று நேரம் நின்றார். அன்றிரவே சிற்றப்பனார் நெல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.