மாணவர் என்னும் பெயரில் மறைந்திருந்த அறிஞர்

கொங்கு நாட்டு உழவர் ஒருவர் நான்கு பாத்திகளில் ஒரு கரும்பு வகையையும், வேறு நான்கு பாத்திகளில் மற்றொரு வகையையும் நடுகிறார் எனக் கொள்வோம். அறுவடையின்போது முதல் வகையின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 6 டன் மிகுந்திருக்கிறது. இம்மிகுதி வகையின் சிறப்பால் விளைந்ததா? மண்ணும் நீரும் பாத்திக்குப் பாத்தி வேறுபடுவதால் தற்செயலாக நேர்ந்ததா? இவ்வினாவுக்கு விடைகாண வழி திறந்தவர் வில்லியம் சீலி கோசெட் ஆவார்.

கோசெட் 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். படைப்பொறியாளராக விரும்பிய அவருக்குக் கண்பார்வைக் குறை தடையாயிற்று. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். 1899இல் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் என்னும் மதுவடிப்பு நிறுவனத்தில் பணியேற்றார். வாற்கோதுமை வகைகளை ஒப்பிட்டுச் சிறந்ததைத் தேர்வதும் அவருடைய பணிகளுள் ஒன்று.

ஆங்கேதான் இடர் எழுந்தது. அக்காலப் புள்ளியியல் முறைகள் நூற்றுக்கணக்கான அளவீடுகளுக்கே பொருந்துவன. கோசெட்டின் கையில் இருந்தவையோ விரல்விட்டு எண்ணத்தக்க சில அளவீடுகளே. 1906இல் இலண்டன் சென்று, கார்ல் பியர்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் இச்சிக்கலை ஆராய்ந்தார். மூவாயிரம் மனிதர்களின் உயரத்தையும் விரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்தார். அவற்றை நான்கு நான்காக 750 குழுக்களாகப் பிரித்துத் தம் கணக்கைச் சரிபார்த்தார்.

ஆய்வுக் கட்டுரை 1908இல் வெளிவந்தது. ஊழியர் தம் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் ஏற்காமையால், 'ஸ்டூடண்ட்', அதாவது 'மாணவர்' என்னும் புனைபெயரை அவர் சூடிக்கொண்டார். பின்னர் ரொனால்டு ஃபிஷர் இக்கருத்தை விரித்து, தொடர்பற்ற இரு குழுக்களை ஒப்பிடவும் பயன்படுமாறு செய்தார். அதுவே இன்றைய 'டி-சோதனை'.

இதன் நுட்பம் எளிது. இரு சராசரிகளின் வேறுபாட்டை, அவ்வேறுபாட்டின் திட்டப்பிழையால் வகுத்தல் வேண்டும். நம் உழவரின் கணக்கில் திட்டப்பிழை 2.7 டன் எனில், ஈவு 2.22. பேரளவு மாதிரிக்குரிய எல்லை 1.96, அதனைக் கொண்டால் வகையே சிறந்தது எனத் தீர்ப்பாகும். நான்கு நான்கு பாத்திகளுக்குரிய எல்லையோ 2.447. அதனை எட்டாமையால், சான்று போதாது என்பதே நேரிய முடிவு. சில பாத்திகளை நம்பித் தோட்டம் முழுவதையும் மாற்றிப் பொருள் இழக்காமல் உழவரைக் காப்பது இவ்வேறுபாடே.

கோசெட் இலண்டன் சென்ற அதே 1906ஆம் ஆண்டில்தான் சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்விக்கூடம் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. 1912இல் அங்குக் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. 1918இல் அது வழங்கிய 'கோ 205' வட இந்திய வயல்களை வளப்படுத்தியது. புதிய வகையைப் பழைய வகையோடு ஒப்பிட்டுத் தேர்வது அத்தகைய நிலையங்களின் அன்றாடக் கடமையன்றோ!

இன்று கணினி மென்பொருளில் இரு நிரல்களாக எண்களை இட்டால், நொடிப்பொழுதில் விடை கிடைக்கும். இரு குழுக்களின் சிதறல் சமமாக இல்லாவிடினும், வெல்ச் என்பார் வகுத்த திருத்தத்தை அது கையாளும். ஆயினும் குழுக்கள் உண்மையிலேயே தொடர்பற்றவையா, பாத்திகள் ஒருபக்கச் சார்பின்றிப் பகிரப்பட்டனவா என்பவற்றைக் கணினி அறியாது. ஒவ்வொரு பாத்தியையும் இரண்டாகப் பிரித்து இரு வகைகளையும் நட்டிருந்தால், இணைகளுக்குரிய சோதனையே பொருந்தும். மேலும், தற்செயலன்று எனத் தெளிந்த வேறுபாடு செலவுக்கு ஈடாகுமா என்பதையும் மனிதரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோசெட் 1935இல் இலண்டனில் அமைந்த புதிய ஆலைக்குப் பொறுப்பேற்றார். 1937 அக்டோபர் 16ஆம் நாள் மறைந்தார். சிறிதளவே சான்று உடையோரும் பிழையின்றி முடிவெடுக்க உதவிய அவ்வறிஞரின் இயற்பெயரைப் பலர் அறியார். எனினும், உலகெங்கும் ஆய்வேடுகளில் 'மாணவர்' என்னும் அவருடைய புனைபெயர் நாள்தோறும் எழுதப்படுகிறது.