வியன்னாக் கடிதமும் ஒரு கடைக்காரரும்

இங்கிலாந்தின் கிரான்தம் நகரில் பலசரக்குக் கடை நடத்தியவர் அல்பிரட் றொபேட்ஸ். சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகன். ஆசிரியராக ஆசைப்பட்டும் 13 வயதில் படிப்பை விட்டவர். 1919இல் அவர் வாங்கிய கடையே உப தபாலகமும்கூட. குடும்பம் மேல்மாடியில் வசித்தது.

1927இல் சுயேட்சையாக நகரசபைக்குத் தெரிவான அவர், பின்னர் நிதிக்குழுத் தலைவரானார்.

1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைக் கைப்பற்றினார். வியன்னாவில் மூத்த மகளின் பேனா நண்பியாக இருந்த யூதச் சிறுமி அடைக்கலம் கேட்டு எழுதினாள். அவளைத் தனித்துப் பொறுப்பேற்கும் வசதி கடைக்காரருக்கு இல்லை. ஆனால் கடிதத்தை மடித்து வைக்கவுமில்லை. ஊரின் றோட்டறிக் கழகத்துக்குக் கொண்டுபோனார். கழகத்தவரின் குடும்பங்கள் முறைவைத்து அவளைப் பராமரித்தன. றொபேட்ஸ் வீட்டிலும் சிலகாலம் தங்கினாள். அவள் உயிர் தப்பியது அப்படித்தான்.

யுத்தத்தில் கிரான்தமும் குண்டுவீச்சுக்குள்ளானது. யுத்தம் முடிந்த 1945இல் றொபேட்ஸ் நகர முதல்வரானார். சபையில் பெரும்பான்மை பெற்றிருந்த தொழிற்கட்சி, 1952இல் அவரை மூத்த உறுப்பினர் பதவியிலிருந்து அகற்றியது. 25 வருடச் சேவை அத்துடன் முடிந்தது.

1970இல் அவர் காலமானார். ஒன்பது வருடங்களின் பின் இளைய மகள் மார்கிரட் தட்சர் பிரதமரானார். மகளின் ஆட்சி பற்றி நம்மவரிடையே பல கருத்துகள் உண்டு. ஆனால் அடைக்கலம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவது எவ்வளவு பெரிய விடயம் என்பது, இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.