பிள்ளைகளை விட்டகலாத ஆசான்

போரின்போது நேர்ந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா? அகதிகளாய் வந்த எமது குடும்பங்களில் இவ்வினாவை எதிர்கொள்ளாதவை மிகச் சிலவே. இதற்கு விடை தேடும்போதெல்லாம் எமது நினைவில் எழுபவர் யனுஷ் கோர்ச்சாக்.

வார்சோ நகரின் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவரது இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மித். குழந்தை வைத்தியராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்ற அவர், 1912இல் வார்சோவின் குரோக்மால்னா வீதியில் யூத அநாதைச் சிறுவர்க்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்குத் துணைநின்றார். முதலாம் உலகப் போரில் றஷ்யப் படையின் வைத்தியராகப் பணியாற்றிய காலத்திலேயே குழந்தைகளை நேசிக்கும் முறை பற்றிய தமது நூலை அவர் எழுதினார்.

பிள்ளை நாளைய மனிதனல்லன், இன்றே முழு மனிதன் என்பது அவரது கொள்கை. ஆதலால் இல்லத்திற் பிள்ளைகளே நீதிபதிகளாய் அமரும் மன்றமொன்றை நிறுவினார். மன்னிப்புக்கே முதலிடம் தந்த அம்மன்றின் முன் தம்மையும் நிறுத்தித் தீர்ப்புக் கேட்டார். 1926இல் சிறுவரே எழுதும் வாராந்தப் பத்திரிகையொன்றைத் தொடக்கினார். துன்பமுற்ற பிள்ளைக்கு இரக்கம் மட்டும் போதாது, தன் குறையை எடுத்துரைக்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1940இல் ஜேர்மன் நாசிகள் வார்சோவின் யூதர்களை மதிலுக்குள் அடைத்தனர். இல்லமும் அங்கே பெயர்க்கப்பட்டது. பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்ததைத் தட்டிக்கேட்ட கோர்ச்சாக் சிறையிலிடப்பட்டார். விடுதலையானபின், நலிந்த உடலுடன் வீடுவீடாய்ச் சென்று உணவும் பணமும் இரந்தார். பசியும் நோயும் சூழ்ந்திருந்த அந்நாட்களிலும் பாடங்கள் நின்றுவிடவில்லை.

1942 யூலை 18ஆந் திகதி அப்பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது எமது அயல்நாட்டவரான இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'. நோயுற்று அறையுள் அடைபட்ட அமல் என்னும் சிறுவன், யன்னலூடே வழிப்போக்கருடன் உரையாடியவாறு அரசனின் கடிதத்துக்காகக் காத்திருந்து அமைதியாய்க் கண்மூடுவதே அதன் கதை. மரணத்தை அச்சமின்றி நோக்கப் பிள்ளைகளைப் பழக்கவே அதனை அவர் தெரிந்தார் என்பர். மதிலுக்குள் அடைபட்டிருந்த அப்பிள்ளைகளுக்கு அமலின் அறையை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திராது. மறைத்தும் மிரட்டியும் பேசாது, கதையினூடே உண்மையைக் கையளித்தார் அந்த ஆசான்.

நான்கு நாட்களில் நாடுகடத்தல் தொடங்கியது. தப்பிச் செல்ல நண்பர்கள் வழிகாட்டியும் அவர் மறுத்தார். ஓகஸ்ட் மாத முற்பகுதியில், ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுடனும் வில்சின்ஸ்கா அம்மையார் முதலியோருடனும் புகையிரதம் ஏறினார். திரெப்ளிங்கா கொலைமுகாமில் அனைவரும் மாண்டனர்.

1978இல் சிறுவர் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையொன்றைப் போலந்து முன்மொழிந்தபோது அவர் சிந்தனையும் அதன் பின்னணியில் இருந்தது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை அதனை ஏற்றது.

அந்நிய நாட்டு வகுப்பறையில் எமது பிள்ளையொன்று பேசாதிருக்குமாயின், அதன் மௌனத்தை மந்தபுத்தியென எவரும் எண்ணிவிடலாகாது. அது கேட்கும்போது, வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்வோம். வரையவும் எழுதவும் நடிக்கவும் இடமளிப்போம். சொல்லி முடித்தபின் எழுந்துசென்றுவிடாது, அதனருகே அமர்ந்திருப்போம்.