நாயனத்தை நீட்டிய ராஜரத்தினம்

நம்ம தருமபுரிக் கல்யாண மண்டபத்தில் கேட்கிற நீள நாயனத்துக்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரர் உண்டு. 1898-ல் பிறந்த திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

அப்போது நாயனக்காரர் கோயில் வீதியில் நடந்தும் நின்றும்தான் வாசிக்கணும். மேடையில் உட்காரும் மரியாதை பாடகருக்குத்தான். கோயில், ஜமீன் ஆதரவு குறைந்து சபாக் கச்சேரிகள் பெருகிய காலம் அது. வீதிக்கு ஏற்ற குட்டைத் திமிரி, அரங்கத்துக்குள் காதைத் துளைத்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, சுருதி குறைந்த நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். (நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரி கடைசல் வேலைதான், துளை கொஞ்சம் தள்ளினாலும் சுவரம் போச்சு!) ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்தார். கிராப்பும் சட்டையுமாக மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் தோடி வாசித்தார். இசைத்தட்டு அந்தத் தோடியை வீடுவீடாகக் கொண்டுபோனது.

சம்பாதித்த பணம்தான் கையில் தங்கவில்லை. 1956 டிசம்பரில் சென்னையில் காலமானார். அதற்குள் மற்ற வித்வான்களும் பாரிக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள்.