சம்பளம் வாங்காத வாத்தியார் தந்த கிறிஸ்டல்

ராடார் ரிசீவர் பிளாக் டயகிராமில் டிடெக்டர் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்துவிட்டுப் போய்விடுகிறோம். நண்பர்களே, அந்தக் கட்டத்துக்குள் ஒரு பெரிய மனிதரின் உழைப்பு இருக்கிறது. அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

1858-இல் வங்காளத்தில் பிறந்தவர். அப்பா அரசாங்க அதிகாரி. ஆனாலும் பையனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தால், வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இவருக்கு அதைவிடக் குறைச்சல்! போஸ் என்ன செய்தார் தெரியுமா? மூன்று வருஷம் ஒழுங்காகப் பாடம் நடத்தினார்; சம்பளத்தை மட்டும் தொடவேயில்லை. வீட்டிலோ அப்பாவின் கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பாக்கியோடு கிடைத்தது, கடனும் அடைந்தது.

நல்ல லேப் கிடையாது. தகர வேலை செய்கிற ஒருவரை வைத்துக்கொண்டே கருவிகள் செய்தார் (நம்ம ஒர்க்‌ஷாப் அதற்கு எவ்வளவோ மேல்!). 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் சுவரைத் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார். மற்றவர்கள் நீள அலைகளோடு போராடியபோது இவர் எடுத்துக்கொண்டது 5 மில்லிமீட்டர் முதல் 2.5 சென்டிமீட்டர் வரையிலான குட்டி அலைகள். அவற்றைப் பிடிக்கக் கலீனா என்ற ஈயத்தாதுக் கல்லில் ஒரு உலோக முனையைத் தொடவைத்தார். பேட்டன்ட் என்றாலே அவருக்குப் பிடிக்காது. நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால் 1901-இல் விண்ணப்பித்தார். 1904-இல் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது.

இது ராடாருக்கு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போரில் ராடார் 10, 3 சென்டிமீட்டர் அலைகளுக்கு இறங்கியபோது சாதாரண வால்வுகள் கைவிட்டுவிட்டன. இன்ஜினியர்கள் மறுபடி கல்லிடமே வந்தார்கள். இந்தத் தடவை சிலிக்கான், அதன்மேல் ஒரு கம்பி முனை.

நம்ம பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு ராடார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற கப்பலில் பட்டு பல்ஸ் திரும்ப 100 மைக்ரோசெகண்ட் ஆகும். வருவதோ ரொம்ப மெலிசான சிக்னல். கிறிஸ்டல் மிக்சர் அதை 30 அல்லது 60 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கும்; ஐ.எஃப். ஆம்ப்ளிஃபயர் பெருக்கும். அப்புறம் டிடெக்டர் டயோடு ஐ.எஃப்-ஐக் கழற்றிவிட்டு பல்ஸின் வடிவத்தை மட்டும் தரும். அதுதான் வீடியோ சிக்னல். 1 மைக்ரோசெகண்ட் பல்ஸ் மழுங்காமல் பெருக வேண்டுமானால் வீடியோ ஆம்ப்ளிஃபயருக்கு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் பேண்ட்வித் வேண்டும். ஆடியோ ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் கப்பல் திரையில் தெரிந்த மாதிரிதான்!

மிக்சரும் ஐ.எஃப்-உம் இல்லாமல் ஆன்டெனா, கிறிஸ்டல், வீடியோ ஆம்ப்ளிஃபயர் என்று மூன்றே கட்டத்தில் முடிகிற ரிசீவரும் உண்டு. தூரத்து மெல்லிய சிக்னல் அதற்கு எட்டாது. ஆனால் எதிரியின் ராடார் நம்மேல் விழுவதைச் சட்டென்று சொல்லிவிடும். போஸின் கருவிக்கு நெருங்கிய சொந்தம் இதுதான்.

போஸோ பின்னாளில் செடி கொடிகளின் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1917-இல் கல்கத்தாவில் சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் காலமானார். சென்டிமீட்டர் அலை ராடார் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து.