ஷின்டாரோ உடா

ஷின்டாரோ உடா (ஜூன் 1, 1896 – ஆகஸ்ட் 18, 1976) ஜப்பானைச் சேர்ந்த மின் பொறியியலாளரும் பேராசிரியரும் ஆவார். வீட்டுக் கூரைகளின் மேல் மீன்முள் போலத் தோற்றமளிக்கும் யாகி-உடா ஆன்டெனாவை உருவாக்கிய இருவருள் இவர் ஒருவர். உலகெங்கும் இது யாகி ஆன்டெனா என்றே அழைக்கப்படுவதால், இதன் கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்து செம்மைப்படுத்திய உடாவின் பெயர் பலருக்குத் தெரிவதில்லை. இவர் 1955 முதல் 1958 வரை இந்தியாவில் பணிபுரிந்தார்.

இளமையும் கல்வியும்

உடா ஜப்பானின் டொயாமா மாவட்டத்தில் பிறந்தார். செண்டாய் நகரிலுள்ள தொஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று 1924 இல் பட்டம் பெற்றார். அங்கு பேராசிரியராக இருந்த இடெட்சுகு யாகி (1886–1976), ஜெர்மனியில் பார்க்ஹவுசனிடமும் இங்கிலாந்தில் பிளெமிங்கிடமும் பயின்று திரும்பியவர். அக்காலத்தில் வானொலி நிலையங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலைகளையே பயன்படுத்தின. சில மீட்டர் நீளமே உள்ள குற்றலைகளால் பயனில்லை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. யாகி அவ்வலைகளில் ஆர்வம் காட்டினார். அந்த ஆய்வு அவருடைய உதவியாளரான உடாவின் கைக்கு வந்தது.

கண்டுபிடிப்பு

அலைபரப்பியின் அருகே, எதனோடும் இணைக்கப்படாத ஒரு உலோகக் கடத்தியை வைத்தால், அலை சில திசைகளில் வலுப்பெறுவதும் சில திசைகளில் குன்றுவதும் அவ்வாய்வுக்கூடத்தில் காணப்பட்டது. உடா இதனை முறையாக ஆராயத் தொடங்கினார். ஏறத்தாழ 4.4 மீட்டர் அலைநீளத்தில் பரப்பி, நேரான உலோகக் கம்பிகளை நட்டு, அவற்றின் நீளத்தையும் இடைவெளியையும் சிறிது சிறிதாக மாற்றி, தொலைவில் கிடைக்கும் அலையின் வலிமையை ஒவ்வொரு முறையும் அளந்தார்.

அவர் கண்ட விதி எளிமையானது. கம்பியின் நீளம் அரை அலைநீளத்தைவிடச் சற்று மிகுந்தால் அது அலையைத் திருப்பி அனுப்புகிறது. சற்றுக் குறைந்தால் அலையைத் தன் பக்கம் ஈர்த்து முன்னே செலுத்துகிறது. முதலாவது எதிரொளிப்பான் எனவும், இரண்டாவது இயக்கி எனவும் பெயர் பெற்றன. மின்கம்பி இணைப்பு நடுவிலுள்ள ஒரே ஒரு கம்பிக்குத்தான் உண்டு. மற்றவை சும்மா நிற்பவை போலத் தோன்றினாலும், நடுக்கம்பியின் அலையால் தூண்டப்பட்டு அவையும் அலையை உமிழ்கின்றன. நீள வேறுபாட்டினால் அவற்றில் ஓடும் மின்னோட்டம் முந்தியோ பிந்தியோ அமைய, ஒரு பக்கம் அலைகள் ஒன்றையொன்று கூட்டுகின்றன, மறுபக்கம் அழிக்கின்றன. இயக்கிகளை வரிசையாக நட்டால் அலை அவ்வரிசையின் வழியே கால்வாயில் நீர் போலச் செல்வதால், அவ்வமைப்பு அலைக்கால்வாய் எனப்பட்டது.

பெயர் குறித்த சிக்கல்

1926 இல் இருவர் பெயரிலும் முதல் கட்டுரை வெளிவந்தது. அதன்பின் 1929 வரை உடா தனியாகப் பதினொரு கட்டுரைகள் எழுதினார். அவை ஜப்பானிய மொழியில் இருந்தன. காப்புரிமையோ யாகியின் பெயரில் மட்டும் பெறப்பட்டது. 1928 இல் யாகி அமெரிக்கா சென்று உரையாற்றினார். அங்கு அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையே மேலை நாடுகளில் படிக்கப்பட்டது. அக்கட்டுரையில் உடாவின் பணியை யாகி தெளிவாகவே குறிப்பிட்டுள்ளார். ஆகவே ஆசிரியர் மாணவனின் உழைப்பை மறைத்தார் என்று கூறுவது பொருந்தாது. காப்புரிமையில் இருந்த ஒரே பெயரும் ஆங்கிலக் கட்டுரையும் சேர்ந்து இந்நிலையை உண்டாக்கின.

ஜப்பானில் இக்கண்டுபிடிப்புக்கு நெடுங்காலம் மதிப்பு இருக்கவில்லை. 1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், பிரித்தானிய ரேடார் குறிப்புகளில் யாகி என்ற சொல்லைக் கண்டு அதன் பொருள் விளங்காமல், பிடிபட்ட வீரர் ஒருவரிடம் கேட்டனர். அது ஒரு ஜப்பானியரின் பெயர் என்பதை அவரிடமிருந்தே அறிந்துகொண்டனர்.

கடல் கடந்த தொடர்பு

உடா தம் ஆன்டெனாவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுசென்று சோதித்தார். 1930களின் தொடக்கத்தில் சகாட்டா துறைமுகத்துக்கும் அங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள தொபிஷிமா தீவுக்கும் இடையே குற்றலைத் தொலைபேசித் தொடர்பு நிறுவப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடலைவிட இத்தொலைவு சற்றே அதிகம். கடலடிக் கம்பிவடம் இன்றிச் சிறு தீவொன்றைக் கரையோடு பேசவைத்தது அக்காலத்தில் பெரிய செயலாகும்.

இந்தியாவில்

தம் மாணவர் யசுட்டோ முஷியாகேயுடன் இணைந்து, யாகி-உடா ஆன்டெனா என்ற பெயரிலேயே ஒரு நூலை உடா 1954 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு யுனெஸ்கோ வல்லுநராகப் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, நுண்ணலை ஆய்வுக்கு வழிகாட்டினார். அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். கிருஷ்ணனின் சொந்த ஊரான வத்திராயிருப்பு அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தற்போது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது.

உடா 1958 இல் நாடு திரும்பி, 1960 இல் தொஹோக்கு பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். யாகி மறைந்த 1976 ஆம் ஆண்டிலேயே இவரும் காலமானார்.

இராமேசுவரம் கரையில்

1975 இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டபோதும் அதன் அலைகள் இராமநாதபுரம் கடற்கரையை எட்டவில்லை. பிப்ரவரி 15, 1982 இல் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை அலைபரப்பி இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் அமைந்திருந்தது. தென்கிழக்கே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவிலிருந்த அந்த மலையை நோக்கி, இராமேசுவரம், மண்டபம் பகுதிகளில் உயரமான குழாய்களின் மேல் யாகி-உடா ஆன்டெனாக்கள் எழுந்தன. வெப்பமான கடற்காற்று அடுக்கு அலைகளை வளைத்துக் கொண்டுவரும் நாட்களில் படம் தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் பூஸ்டர் வைத்தும் புள்ளிகளே தெரியும். கூரையில் ஒருவர் குழாயைத் திருப்ப, உள்ளே இருப்பவர் படம் வருகிறதா என்று கூவிச் சொல்வது அன்றாட வழக்கமாக இருந்தது. உடா தாம் அளந்தவற்றைக் குறித்துவைத்தார் என்பதைத் தவிர, செண்டாயில் அவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. பின்னர் இராமேசுவரத்திலேயே 323 மீட்டர் உயரமுள்ள தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது.

நீளத்தைச் சரிசெய்தல்

உடாவின் விதி 27 மெகா ஹெர்ட்சில் இயங்கும் குடிமக்கள் அலைவரிசை வானொலிக்கும் அப்படியே பொருந்தும். அமெரிக்காவில் 1958 முதல் இவ்வலைவரிசை பயன்பாட்டில் உள்ளது. வீட்டு நிலையம் வைத்திருப்போர் பலர் மூன்று கம்பிகள் கொண்ட யாகி-உடா ஆன்டெனாவை நிறுவுகின்றனர். 300 ஐ மெகா ஹெர்ட்சால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் கிடைக்கும். 27.185 மெகா ஹெர்ட்சுக்கு அது ஏறத்தாழ 11 மீட்டர். கம்பியின் தடிமனைக் கருத்திற்கொண்டு, நடுக்கம்பியை அரை அலைநீளத்தைவிட 5 விழுக்காடு குறைத்து, சுமார் 5.2 மீட்டராக அமைப்பர். எதிரொளிப்பான் அதைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு நீளமாகவும், இயக்கி அதே அளவு குறைவாகவும் இருக்கும்.

கணக்கு தருவது தொடக்க அளவு மட்டுமே. அருகிலுள்ள தகரக் கூரை, தரையிலிருந்து உயரம் ஆகியவை அளவை மாற்றிவிடும். ஆகவே கம்பியைச் சற்று நீளமாகவே வைத்து, நிலையலை விகிதமானியைக் கொண்டு பார்க்க வேண்டும். இவ்விகிதம் 1 ஆக இருந்தால் ஆற்றல் முழுவதும் ஆன்டெனாவுக்குச் செல்கிறது, 1.5 வரை கவலையில்லை. 1 ஆம் தடத்தில் குறைவாகவும் 40 ஆம் தடத்தில் மிகுதியாகவும் காட்டினால் கம்பி நீளம், வெட்டலாம். மறுதலையாக இருந்தால் குட்டை. இவ்விரு தடங்களுக்கும் பொருத்தமான நீளங்கள் ஏறத்தாழ 8 செ.மீ. மட்டுமே வேறுபடுவதால், ஒரு முறைக்கு ஒரு செ.மீ. க்கு மேல் வெட்டுவதில்லை. எதிரொளிப்பானும் இயக்கியும் அருகில் வந்ததும் நடுக்கம்பியின் மின்மறுப்பு 73 ஓமிலிருந்து 20 முதல் 30 ஓம் வரை இறங்கிவிடும். 50 ஓம் வடத்துக்கு அதனை ஏற்றவாறு மாற்றக் காமா இணைப்பு பயன்படுகிறது. தொலைக்காட்சி ஆன்டெனாவில் நடுக்கம்பியை மடித்து வளையமாக்குவதும் இதே காரணத்திற்காகத்தான். மடிப்பு மின்மறுப்பை நான்கு மடங்கு உயர்த்தும்.

கடற்கரையில் நிறுவப்படும் ஆன்டெனாவை ஒரு முறை சரிசெய்தால் போதாது. உப்புக் காற்றில் அலுமினியக் குழாய்களின் இணைப்புகள் வெண்மையாகப் பூத்து மின்தடை கூடும். வடத்தின் முனையில் நீர் புகுந்தாலும் விகிதம் ஏறும். அப்போது கம்பியை வெட்டாமல், முதலில் இணைப்புகளைச் சுரண்டிப் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும்.